மூன்றாவது கட்டம்

ஸ்தாப்பாக்கில் எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால்
வெள்ளநீர்க் குளத்துக்கும் உயர்மின் கோபுரத்துக்கும் நடுவே
யாருக்கும் வேண்டாத ஒரு திடல்.
நுழைவில் மாநகர மன்றத்தின் பலகை:
நாயின் உருவம், குறுக்கே ஒரு சிவப்புக் கோடு.
அந்தப் பலகையின் காலில்தான்
கிச்சாப் தினமும் காலைத் தூக்குகிறான்.

விடிகாலை ஐந்தரை.
ஏழு மணிக்கு எனக்கு டயாலிசிஸ் நிலையத்தில் வேலை.
அதற்குள் கூடிவிடுவோம்.
யார் பெயரும் யாருக்கும் தெரியாது.
நான் கிச்சாப்பின் அம்மா.
சாம்பல்நிறச் சட்டைக்காரர் மைலோவின் அப்பா.
ஒற்றைக்கண் பொமரேனியனோடு வருகிறவர் ராணியின் டிரைவர்,
அவரே அப்படித்தான் சொல்லிக்கொள்வார்.
பேதி, தடுப்பூசி, உண்ணிக்கு எந்த மருந்து,
சிங்கப்பூர் மகன் வராமல் போன தீபாவளி,
எல்லாம் பேசுவோம்.
பெயர் கேட்க வேண்டிய முதல் நாள்
எப்போதோ கடந்துவிட்டது.

முதன்முதலில் கொக்கியைக் கழற்றியபோது
கிச்சாப் ஓடவில்லை.
நாலடி நடந்தான். நின்றான்.
கழுத்தில் இல்லாத கயிறு இழுத்ததுபோலத்
திரும்பிப் பார்த்தான்.
போடா என்றேன்.
இன்னும் நாலடி.
மைலோதான் வந்து பின்புறத்தில் ஒரு முட்டு முட்டினான்.
அப்புறம் அந்தக் கறுப்பு
இருட்டில் யாரோ கொட்டிவிட்டதுபோலப் பரவி
எது நாய், எது புல் என்று தெரியாமல் போனது.
நான் வெறும் கயிற்றோடு நின்றேன்,
பையனை முதல்நாள் பள்ளிவாசலில் விட்டவள் மாதிரி.

புகார் வந்தது. வராமலா இருக்கும்?
ஹஸ்லிண்டாவின் மகள் பள்ளி வேனுக்கு நிற்கையில்
ராணி ஓடிப்போய்ப் பாவாடை நுனியை முகர்ந்துவிட்டாள்.
மூன்று கிலோ ராணி.
பிள்ளை அலறியதற்கும் கிலோவுக்கும் சம்பந்தமில்லை.
ஈர மூக்கு பட்ட கருநீலப் பாவாடையை
வாசல் குழாயடியில்
மண் கரைத்த நீரில் ஒரு முறை,
வெறும் நீரில் ஆறு முறை
அலசினார் ஹஸ்லிண்டா.
எதிர்வீட்டிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன்.
கோபமாக அலசியிருந்தால் தேவலை.
முறையாக அலசினார்.
எனக்குத்தான் தலைநிமிரவில்லை.

மறுநாள் திடலில் ராணியின் டிரைவர் கொதித்தார்.
லைசென்சுக்கு வெள்ளி கட்டுகிறோம், மதிப்பீட்டு வரி கட்டுகிறோம்,
குரைத்தால் மட்டும் குடிமகன் இல்லையா?
மைலோவின் அப்பா ஒன்றும் பேசவில்லை.
அன்று அவர் கையில் கயிறு மட்டும் இருந்தது,
நாலாக மடித்து.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
கிச்சாப் போய் அந்தக் கயிற்றை
நீண்ட நேரம் முகர்ந்தான்.

மனு எழுதினோம்.
கயிறில்லா நேரம் வேண்டும், காலையில் கொஞ்சம்.
மூன்று கட்டங்கள் கோடு போட்டேன்:
பெயர். வீட்டு எண். நாயின் பெயர்.
அப்படித்தான் தெரிந்தது
டிரைவர் இருதயசாமி என்று,
சாம்பல் சட்டை யோங் கிம் செங் என்று.
குஞ்சரியா, யானையா என்றார் யோங்.
ஆறு வருடத்தில் அவர் சொன்ன முதல் நகைச்சுவை.
பிறகு மூன்றாவது கட்டத்தில்
மைலோ
என்று எழுதினார், பேனா மை வரும்வரை
இரண்டு முறை அழுத்தி.
செத்ததைக் கணக்கில் எடுப்பார்களா என்று
இருதயசாமி என் காதருகே வந்தார்.
அவர் காலை மிதித்தேன்.

தாளை ஹஸ்லிண்டாவிடமும் நீட்டினேன்.
தைரியமில்லை, வெட்கம்தான் நீட்டியது.
கதவில் சாய்ந்து முழுதும் படித்தார்.
பெயர் எழுதினார். வீட்டு எண் எழுதினார்.
நாயின் பெயர் கேட்ட கட்டத்தில்
6.15
என்று எழுதித் திருப்பித் தந்தார்.
வேன் வருவது ஆறு இருபதுக்கு.

மன்றத்திலிருந்து பதில் இல்லை.
ஆள் அனுப்பி
பலகைக்குப் புதுச் சிவப்பு பூசிவிட்டுப் போனார்கள்.
ஆறு பதினான்குக்கு விசிலடிப்பது யோங்கின் வேலை.
ராணி வந்துவிடுவாள். மற்றதெல்லாம் வந்துவிடும்.
கிச்சாப் மட்டும் கொஞ்சம் தாமதம்.
பெயின்ட் காய்ந்ததா என்று
பார்த்துவிட்டு வருகிறான்.