நடைச் சுழற்சி

பண்டாரவளையில் வாடகை அறை.
நாலு பேருக்கு ஒரு லேப்டொப்,
இரவு பதினொன்றிலிருந்து இரண்டு வரை என் முறை.

பாடம் இதுதான்: ஓர் ஆள் நடக்க வேண்டும்,
நொடிக்கு இருபத்துநான்கு சட்டகம்.
மென்பொருள் தந்த தரை
கட்டம் போட்ட சமதரை, முடிவே இல்லை.
எங்கள் டிவிசனில்
கிரிக்கெட் அடிக்கிற இடம்கூட
ஓடைப் பக்கம் சரிவு.

தரையைப் பதினெட்டுப் பாகை சாய்த்தேன்.
விழுந்தான்.
முழங்காலை மடக்கி, முதுகை முன்னுக்குத் தள்ளினேன்.
விழுந்தான்.
பெருவிரலில் பாரத்தை வைத்தேன்.
நின்றான், கடன்காரனைக் கண்டவன் மாதிரி.

லோஜிதாவை எழுப்பி
வெளிப்படிக்கட்டில் ஏறச் சொல்லி
போனில் பிடித்தேன்.
மூன்றாம் தடவை திட்டிக்கொண்டே ஏறினாள்.
அந்தத் திட்டில்தான் இடுப்பு சரியாக அசைந்தது.

ரெண்டர் எழுபத்தொரு வீதம்.
கரண்ட் போனது.
பற்றரி செத்துப் பல மாதம்.

ஜன்னலுக்கு அப்பால் எதிர்மலையில்
யாரோ டோர்ச்சோடு ஏறுகிறார்கள்.
வெளிச்சம் மேலே, மேலே,
சற்றுக் கீழே,
நிற்கிறது.
பிறகு மேலே.

விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.
நிற்கிற இடம் வந்தபோதுதான் உறைத்தது:
என் ஆள்
இதுவரை ஒரு தடவைகூட
மூச்சு வாங்கவில்லை.