ஏற்றத்தில் ஹீட்டர்

நாலு மணிக்கே கிளம்பிவிடலாம் என்றேன்,
இருட்டோடு மலை ஏறிவிடலாமென்று.
ராய்ஸ் மூக்குக்கண்ணாடியைத் தேடினான்.
பிறகு முட்டை பொரித்தான்.
கிளம்பியது பத்தரை.

பேக்கரில் டீசல் போடும்போது நூற்றுப் பதினான்கு டிகிரி.
இருபத்தெட்டு அடி நீள வீடு,
அதற்கு டாஷ்போர்டில் ஒரு ஏ.சி.
அதன் மூச்சு என் முழங்கையைத் தாண்டாது.
கூரை மேல் இருப்பதற்கு ஜெனரேட்டர் வேண்டும்,
ஜெனரேட்டர் பார்ஸ்டோவிலேயே படுத்துக்கொண்டது.

அவன் பச்சைக் கம்பளியை எடுத்து
எங்கள் இருக்கைகளுக்குப் பின்னால் குறுக்கே மாட்டினான்,
பதினொரு துணி கிளிப்.
"முழு வீட்டுக்கும் கட்டுப்படியாகாது லோரீன்.
நாம் உட்கார்ந்திருக்கும் இடம் போதும்."
கம்பளிக்கு அந்தப் பக்கம்
கட்டில், அடுப்பு, ஒன்பது தட்டு,
டுலூத்தில் வீட்டை விற்றபோது கொடுக்க மனம் வராதவை,
எல்லாவற்றையும் வெயிலிடம் விட்டோம்.

ஜன்னல்களில் வெள்ளித்தாள்.
வெளியே இருந்து பார்ப்பவனுக்கு
சுடுவதற்குப் பொதிந்த உருளைக்கிழங்கு.

எங்கள் இருவருக்கும் நடுவே எஞ்சின்.
மூடிமேல் நாலாய் மடித்த டவல்,
டவல்மேல் அவன் காபி,
காலையில் ஊற்றியது, இன்னும் ஆவி பறக்கிறது.
நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
உறைந்த தண்ணீர் பாட்டிலை மட்டும்
அவ்வப்போது என் பிடரியில் வைத்தான்,
கேட்காமல்,
என் பக்கம் திரும்பாமல்.

பிறகு அந்தப் பலகை:
ஏற்றம் முடியும்வரை ஏ.சி.யை நிறுத்தவும்.
நிறுத்தினேன்.
ஐந்து மைலுக்குள் முள் சிவப்பை மோப்பம் பிடித்தது.
"ஹீட்டரைப் போடு" என்றான்.

திரும்பிப் பார்த்தேன்.
"முழுசா வை. அதன் சூட்டை நாம் கொஞ்சம் வாங்கிக்கொள்ளலாம்."

வைத்தேன்.
கால் விரலிலிருந்து ஏறியது.
செருப்பின் பசை நாறியது.
கண்ணிமையில் வியர்வை, வாயில் டாஷ்போர்டின் பழைய தூசி.
ஜன்னலைத் திறந்தால் வெளிக்காற்று குளிர்ச்சி,
நூற்றுப் பதினான்கு டிகிரி குளிர்ச்சி,
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அவனுக்கும்.
லாரிகள் எங்களைத் தாண்டிப் போயின,
நாங்கள் முப்பதில் ஊர்ந்தோம்,
ஜனவரிக்கான ஹீட்டரை ஜூலையில் ஓட்டிக்கொண்டு.

சாலையோரம் பானெட்டைத் திறந்து வைத்த நீலக் கார்.
அதன் நிழலில் மூன்று பேர் குந்தியிருந்தார்கள்.
நான் பிரேக்கை நினைத்தேன், முள்ளை நினைத்தேன்.
நின்றால் மறுபடி நகராது.
ராய்ஸ் ஒரு கேலன் ஜாடியை ஜன்னல் வழியே இறக்கினான்,
கை நீளும் மட்டும் குனிந்து.
உருண்டது. உடையவில்லை என்றான்.
கண்ணாடியில் பார்த்தேன், ஒருவன் எழுந்து ஓடினான்.

முள் ஒரு மயிரிழை இறங்கியது.
பிறகு இன்னொன்று.

உச்சியில் நிறுத்திக் கம்பளியை விலக்கினோம்.
அடுப்பைத் திறந்தாற்போல் முகத்தில் அறைந்தது.
வெண்ணெய் எண்ணெயாகியிருந்தது.
அவன் தங்கை கல்யாணத்துக்குக் கொடுத்த மெழுகுவர்த்தி,
இதுவரை ஏற்றாதது,
இடுப்பில் வளைந்து மேஜையைத் தொட்டபடி இருந்தது.

நிமிர்த்தப் போனேன்.
"விடு" என்றான், கிளிப்புகளை எண்ணிக்கொண்டே.
"இப்போது தொட்டால் உடையும்.
வேகஸ் போய்ப் பார்க்கலாம்."
பத்துதான் இருந்தது.