பெயரில்லாத பட்டன்

செவ்வாய்பேட்டையில் எங்கள் சந்து தூங்குவதில்லை.
பக்கத்துப் பட்டறையில் கொலுசுக்குப் பொடி வைத்து
ஊதிக்கொண்டிருந்தார்கள்.
நான் பத்தேகாலுக்கு உட்கார்ந்தேன்,
கைப்பேசியைச் சார்ஜில் போட்டபடியே.

அதற்குள் ஒரு பெண் இருக்கிறாள்.
தமிழை ஆங்கிலப் பல்லால் கடிப்பவள்.
மரகதவல்லி என்ற என்னை
மாராகாத்தாவாலி என்பாள்.
போகட்டும், வாசிக்கிறாளே.

உதவி நூலகர். ஒரே ஒரு பணியிடம்.
பார்வையற்றோர்க்கென ஒதுக்கியது,
இணையவழியில் மட்டும்.

திறந்தேன்.
'பட்டன்' என்றாள்.
'பட்டன்.'
'பெயரிடப்படாத பட்டன்.'
'படம். ஐ எம் ஜி. சுழியம் சுழியம் நான்கு.'

ஏற்காடு ஏறும் பேருந்தில்
கொண்டை ஊசி வளைவுகளை
இடுப்பால் எண்ணுகிறவள் நான்.
இருபது. ஒருநாளும் பிசகியதில்லை.
இந்தப் படிவத்திலோ
தந்தை பெயரிலிருந்து ஒரு தட்டு தட்டினால்
கட்டணம் செலுத்து என்கிற பள்ளம்.
இன்னொரு தட்டு, மறுபடி அடிவாரம்.
எத்தனையாவது வளைவில் நிற்கிறேன் என்று சொல்ல
ஒரு கல்கூட நடவில்லை யாரும்.

பார்வைக் குறைபாடு எத்தனை விழுக்காடு?
நூறு.
கணக்கில் நான் வாங்கவே வாங்காத மதிப்பெண்.
சான்றிதழை ஐம்பது கேபிக்குள் சுருக்கு என்றது,
சுருக்கினேன்.
கையெழுத்தின் மேல் நிழல் விழக்கூடாது என்றது.
நிழலை எங்கே போய்த் தேட?
குத்துமதிப்பாக ஒன்றை ஏற்றினேன். ஏற்றுக்கொண்டது.

பிறகு கேட்டது:
நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்கவும்.
சிக்னல் விளக்கு உள்ள கட்டங்களைத் தொடவும்.

ஐந்து ரோட்டு சிக்னலை
பதினோரு வருடமாகக் கடக்கிறேன். தனியாக.
பச்சை விழுவதற்கு ஒரு நொடி முன்னால்
ஆட்டோக்கள் தொண்டையைக் கனைக்கும்.
ஜங்ஷன் பேருந்தின் பிரேக் அழுவது ஒரு மாதிரி,
ஓமலூர் வண்டி அழுவது வேறு மாதிரி.
அதே சிக்னலின் படத்தைத் தொடத் தெரியாததால்
நான் மனுஷியில்லையாம்.
பதினைந்து நிமிடம் முடிந்தது.
வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டது.

உதவி எண்ணில் ஒருவர் கனிவாகத்தான் பேசினார்.
'கண்ணு தெரிஞ்சவங்க யாரையாச்சும்
பக்கத்துல வெச்சுக்குங்க மேடம்.'
'வேலை கிடைச்சா அவங்களையும் வெச்சுக்கலாமா?'
வைத்துவிட்டார்.

கடைசி நாள், அஸ்தம்பட்டி, மாடிப்படி பதினேழு.
பிரவுசிங் சென்டர் பையன் துவாரகா
என் விரல்கள் நான்கு இரவு முட்டிய இடத்தை
நாலு நிமிடத்தில் தாண்டினான்.
'பாஸ்வேர்ட் சொல்லுங்கக்கா.'
பின்னால் வரிசை நின்றது.
ஒருவன் பெயரைத்தான் பாஸ்வேர்டாக வைத்திருந்தேன்,
பிரிந்த வருடத்தோடு சேர்த்து.
எழுத்தெழுத்தாகச் சொன்னேன், உரக்க,
ஃபேன் சத்தத்துக்கு மேலே.
துவாரகா தட்டினான், எதுவும் கேட்கவில்லை.
யாரோ காதில் விழாதவர்போல் இருமினார்.

அச்சுத்தாள் சூடாக வந்தது.
சூடு மட்டும்தான் அதில் எனக்கு எழுதியிருந்தது.
விண்ணப்ப எண்ணை வாசிக்கச் சொன்னேன்.
தாளைக் கவிழ்த்து, பிரெய்ல் சட்டத்தில் மாட்டி,
ஊசியால் வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டே வந்தேன்.
வரிசை நகராமல் பார்த்துக்கொண்டிருந்தது,
அமைதியில் தெரிந்தது எனக்கு.
திருப்பினேன்.
அவர்கள் அச்சின்மேல்
என் எண் புடைத்து நின்றது.

சரிபார்ப்பு நாளில் மேசைக்கு அந்தப்பக்கம் ஒருவர்
'என்னம்மா இது, தாளெல்லாம் பொத்தல்?' என்பார்.
பட்டன் சார், என்று சொல்வதாக இருக்கிறேன்.
தொட்டுப் பாருங்க.