பதினான்காம் வில்லை

நேற்றிலிருந்து உடம்புச் சூட்டு நீரில்
ஊறிக் கிடக்கின்றன இருபது வில்லைகள்,
எந்த வாயையும் இன்னும் கண்டிராதவை.
வீட்ஸ்கெ ஒவ்வொன்றாய் எடுத்து ஈரம் ஒற்றி
எந்திரத்தின் அடியில் வைக்கிறாள்.
நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்.
அவ்வளவு நிதானமாய் எவரும் கடிப்பதில்லை.

திரையில் கோடு ஏறுகிறது.
டக்.
பதிமூன்றுக்குள் ஒரு காற்றுக்குமிழ் இருந்திருக்கிறது,
கடுகிலும் சிறியது; போதும்.

பதினான்கு உடையவில்லை.
ஆயிரத்து எண்ணூறு நியூட்டன், தொள்ளாயிரம்,
அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள்.
இரண்டாயிரத்தில்
எந்திரம்தான் தன் எல்லை வந்து ஓய்ந்தது.

குரோனிங்கனில் நாலரைக்கே இருட்டு.
சைக்கிள் பூட்டைத் திறந்தபடி
உப்பு அதிமதுர மிட்டாய் ஒன்றை மெல்லுகிறாள்.
அதோடு ஒட்டிக் கழன்று வருகிறது
போன மாதம் அடைத்த அடைப்பு.

அமுக்கித்தானே பார்த்தோம்,
இழுத்துப் பார்க்கவில்லையே.

நாக்கு திரும்பத் திரும்ப
அந்தக் குழிக்கே போகிறது,
வீடு வரைக்கும்.