அரைப்பேர்

மேற்கோள் எண்ணும் இயந்திரத்துக்கு
மு. தவமலர் ஒருத்திதான்.
திருகோணமலைக் குடாவின் காரத்தன்மை பற்றிக்
கட்டுரை எழுதியவளும்
தேயிலை மலையில் ஆவணப்படம் எடுத்தவளும்
ஒரே ஆள், ஒரே கணக்கு:
நூற்று அறுபது.

நான் முத்துக்கறுப்பன் மகள்.
அவர் முடியப்பு மகளாம், நிலாவெளி.
கடலோரத்தில் வளர்ந்தவர் மலையேறி வந்து கமராவை ஊன்றினார்.
பத்தொன்பது வயதுவரை கடல் பாராத நான்
இறங்கிப்போய்ப் போத்தலில் அள்ளினேன்.
எங்கள் பஸ்கள் ஹபரணைச் சந்தியில்
ஒன்றையொன்று கடந்திருக்கக்கூடும்.

கொட்டகலை. வைகாசி மழை.
ஹார்ட்வெயார் கடைக்கு மேல் வாடகை அறை.
ஜன்னலைச் சாத்தினாலும் கடதாசி நமத்துப்போகிறது.
அலுமாரியில் பன்னிரண்டு போத்தல் கடல்,
ஒவ்வொன்றிலும் துளி பாதரசக் குளோரைட்டு.
உள்ளே உயிரோடிருப்பதெல்லாம் செத்தால்தான்
அள்ளிய நாளின் கடலாகவே அது நிற்கும்.
வீட்டுக்காரம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்,
ரசத்துக்கு உப்புக் குறைந்தாலும் தொடாதீங்க.

பதவி உயர்வுப் படிவம் மேசையில்.
நூற்று அறுபது என்று எழுதினால் போதும்.
என்னுடையது நாற்பத்தாறு
(அதிலும் ஒரு கட்டுரையில் ஆறாவது பெயர்,
ஆய்வுக்கப்பலில் வாந்தியெடுத்ததற்காக).
மீதி நூற்றுப் பதினாலும் படம் தந்தது.
முகந்தெரியாத மானிடவியலார்
என்னை ஒத்துக்கொண்டும் மறுத்தும் எழுதியிருக்கிறார்கள்.

சரி, திருடுமுன் பொருளையாவது பார்ப்போமென்று
படத்தை ஓடவிட்டேன்.
இருபத்துமூன்றாம் நிமிடம், கொழுந்து நிறுக்கிறார்கள்.
மழைநாள். நனைந்த சாக்கு.
தண்ணிக்கென்று மூன்று கிலோ கழிக்கிறார் கணக்கப்பிள்ளை.
மஞ்சள் படங்கு கட்டிய ஒரு அக்கா
தராசைவிட்டு நகரவில்லை.

"மூணு கிலோவும் தண்ணின்னு யாருங்க அளந்தா?
எதுல அளந்தா?
வெயிலடிச்ச அன்னைக்கு எம்புட்டுக் கழிச்சீங்க?"

நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடி கேட்டேன்.
அளந்தது யார். கருவி எது. ஒப்பிடும் மாதிரி எங்கே.
பதினாலு வருடம் கடன்பட்டு நான் படித்த முறையியல்
அந்த மழையில் நின்றுகொண்டிருந்தது.

அன்றைக்கு அவருக்கு அரைப்பேர்.
செக்ரோலில் எழுதும் பேனா படத்திலேயே தெரிகிறது.
எங்கள் பக்கம் நாட்சம்பளத்தைப் பேர் என்பார்கள்.
நிறை குறைந்தால் பேரும் பாதி.

முடிவில் பெயர்கள் ஏறின.
இயக்கம், ஒளிப்பதிவு, ஒலி, தொகுப்பு,
வேன் ஓட்டிய நிஹால்வரை.
கடைசியில், நன்றி: தோட்ட மக்கள்.
அந்த அக்காவுக்கு அரைகூட இல்லை.

திருத்தக் கோரிக்கை அனுப்பினேன்.
காரணம் என்ற கட்டத்தில்: அவர் நான் அல்ல.
பிறகு ஒரு மடல், என் பெயரிலிருந்து என் பெயருக்கு.
மஞ்சள் படங்குக்காரர் யார்?

பதில் மூன்றாம் நாள் வந்தது.
நாலு தோட்டத்தில் எடுத்தோம், அது எதுவென்று இப்போது நினைவில்லை,
ஒப்புதல் தாளில் கைநாட்டுத்தான்,
பேர் கேட்டு எழுதிய குறிப்பேடு நனைந்துபோனது,
மன்னியுங்கள்.
உங்கள் காரத்தன்மைக்கு எனக்குப் பாராட்டு வருகிறது,
அதையும் நிறுத்துங்கள்.

இயந்திரமும் எழுதியது: நாற்பத்தாறு.

புதுக் கட்டுரையில்,
மழைநீரைக் கழித்து உப்பைச் சீராக்கும் பத்தியில்,
அடைப்புக்குறிக்குள் அவரைப் போட்டேன்:
கொழுந்து நிறுத்த பெண், 23:14.
இரண்டாம் மதிப்பாய்வாளர் சொல்கிறார்,
இந்த ஆசிரியரை அடையாளம் காண இயலவில்லை, நீக்கவும்.

நாளை ஞாயிறு.
படத்தில் அந்தத் தராசுக்குப் பின்னால் ஒரு கோயில் தெரிகிறது.
ஆகரப்பத்தனைப் பக்கம் என்கிறார் கண்டக்டர்.
இல்லை, டயகம என்கிறார் டிரைவர்.
இரண்டுக்கும் ஒரே பஸ், ஆறே காலுக்கு.
குடை எடுத்துவைத்தேன்.
குறிப்பேட்டைப் பொலித்தீனில்
இரண்டு சுற்றுச் சுற்றினேன்.