பதினொரு டாலர் வெளிச்சம்

துலூத் நகரில் மார்ச் மாதப் பனி
இன்னும் ஜன்னல் உயரம்.
ஆர்விட் சரக்கறைக்குள் ஸ்டூலில் ஏறி
எல்.இ.டி. பட்டையின் முதுகுத்தாளை உரித்தான்.
பதினொரு டாலர்தான்.
எலக்ட்ரீஷியன் கேட்டது முந்நூறு.

நிலையில் சுவிட்ச், கதவில் காந்தம்.
பிரிந்தால் எரியும்,
சேர்ந்தால் அணைந்துவிடும் என்றான்.
"நம்ம கதைதான்" என்றாள் வெர்னா,
டார்ச்சைப் பிடித்தபடி.

திறந்தான்.
பீன்ஸ் டப்பாக்கள் திடுக்கிட்டன.
பின்வரிசையில், காலாவதியாகி ஆறு வருடமான
பீட்ரூட் ஊறுகாய்
கையும் களவுமாக மாட்டிக்கொண்டது.

மூடினான்.
அணைந்ததா?
யாராவது உள்ளே போய் நின்றால்தான் தெரியும்.

வெர்னா போனாள்.
மாவு மூட்டைக்கும் வெங்காயக் கூடைக்கும் நடுவே
ஒருக்களித்து நின்றாள்.

"அணைஞ்சுதா?"

கும்மிருட்டு.
காபிக்கொட்டை வாசனை.
முப்பத்தொரு வருடமாய் இந்த வீட்டில் இருக்கிறாள்,
இப்படி ஓர் இடம் இருந்தது தெரியாமல்.
கதவின் அடி இடுக்கில்
அவன் கம்பளிக் காலுறை,
ஓட்டை வழியே கட்டைவிரல்.

"வெர்னா? அணைஞ்சுதா இல்லையா?"

"எரியுது" என்றாள்.
"இன்னும் எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கு.
காந்தத்தைக் கொஞ்சம் நகர்த்திப் பாரு.
மெதுவா செய்,
அவசரமே இல்ல."