மேல் வலது மூலை

வாடகைத் தாளில் ஒன்பதாவது வரி:
ஆணி கூடாது, திருகாணி கூடாது,
சுவரிலோ சட்டத்திலோ துளை கூடாது.
மீறினால் முன்பணம் திரும்பாது.
முன்பணம் என்பது
ஒரு மாதம் முழுக்க அவள் உடைக்கும் நண்டுக் கால்கள்.

ஔஷ்ரா கையெழுத்துப் போட்டாள்.
லித்துவேனிய மொழியில் அந்தப் பெயருக்கு
விடியல் என்று பொருள்.
வீட்டுக்காரர் ஓட்வாருக்கு அது தெரியாது.
தெரிந்திருந்தாலும் சிரித்திருக்க மாட்டார்.
போட்ஸ்ஃபியோர் துறைமுகத்தில் ஜூன் மாதம்
விடிவதும் இல்லை, அடைவதும் இல்லை.
வாசலில் நிற்கும் கடன்காரனைப் போல
போகிறேன் போகிறேன் என்று
போகாமலே நிற்கிறது சூரியன்.

இரவு வேலை முடிந்து ஆறு மணிக்கு அவள் வருகையில்
காலணியோடு கட்டிலில் படுத்திருக்கும்
வெளிச்சம்.

முதல் வாரம் அலுமினியத் தாள்.
தண்ணீர் தெளித்து ஒட்டினாள்.
தெருவிலிருந்து பார்த்தால்
அடுப்பில் சுற்றி வைத்த மீன் மாதிரி இருந்தது அறை.
மதியத்துக்குள் காய்ந்து
மூலை மூலையாகச் சுருண்டு கழன்றது.
இரண்டாம் வாரம் ஒட்டுநாடா.
உரித்தபோது சட்டத்தின் வெள்ளைப் பூச்சு
தபால்தலை அளவு கூடவே வந்துவிட்டது.
அந்த இடத்தில் பற்பசை தடவி
விரலால் சமன்செய்தாள்.
(இன்றுவரை ஓட்வார் கண்டுபிடிக்கவில்லை.
கிட்டப் போய் முகர்ந்தால் புதினா.)

மூன்றாம் வாரம் தபாலில் வந்தது:
கருப்புத் துணி, பின்பக்கம் வெள்ளிப் பூச்சு,
விளிம்புக் கண்களில் எட்டு உறிஞ்சுக் கிண்ணங்கள்.
ஈரமாக்கிக் கண்ணாடியில் அழுத்தினால்
பிடித்துக்கொள்ளும்.
துளை இல்லை, தடயம் இல்லை,
மடித்தால் தலையணை உறைக்குள் அடங்கிவிடும் இரவு.

பூனை கண்ணை மூடினால்
பூலோகம் இருண்டுவிடாது என்பார்கள்.
பூனையிடம் எட்டுக் கிண்ணங்கள் இல்லை,
அதனால் அப்படிச் சொல்கிறார்கள்.

படுத்தாள்.
விரல்களில் நண்டு ஓட்டின் வாடை.
இருட்டு முழங்கால் ஏறி, கழுத்து ஏறி,
கண்ணுக்குள் நுழையும் நேரத்தில்
டப்.
மேல் வலது மூலை.
ஊசி போல் ஒரு கீற்று
அலமாரியில் இறங்கி, போர்வையில் ஊர்ந்து,
தேடிப் பிடித்து அவள் இமையில் குத்தியது.
துளை கூடாத வீட்டில்
துளை போட்டது அது ஒன்றுதான்.

எழுந்தாள். கிண்ணத்தை நாக்கால் நனைத்தாள்.
ரப்பரும் உப்பும்.
உள்ளங்கையால் அழுத்தியபடி
நின்றவாக்கிலேயே தூங்கிப்போனாள்,
நெற்றி துணியில்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நான்கடி தள்ளி,
அண்டை வீட்டு யோரான்
கவிழ்த்த படகுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தான்.
மணி பதினொன்று.
காலையா இரவா என்று அவன் பார்க்கவில்லை.

அந்தக் கோடை முழுக்க அந்த மூலை விழுந்தது.

ஆகஸ்ட் கடைசியில் காலி செய்தாள்.
ஓட்வார் கைவிளக்கோடு வந்து
நான்கு சுவரையும் தடவிப் பார்த்தார்,
முன்பணத்தை முழுதாக எண்ணிக் கொடுத்தார்.
பெட்டியில் இடமில்லாமல்
துணியை அலமாரியிலேயே விட்டுப் போனாள்,
அரைகுறை நார்வே மொழியில் ஒரு சீட்டோடு:
மேல் வலது விழும். நக்கவும்.

நவம்பர் முடிகையில் அந்த அறைக்கு
தெஸ்ஃபாய் வந்தான்,
அஸ்மாராவில் பிறந்தவன், பனி அள்ளும் வண்டி ஓட்ட.
அவன் வந்த வாரம்தான் சூரியன்
இரண்டு மாத விடுப்பில் போயிருந்தது.
சீட்டைப் படித்தான். துணியைப் பிரித்தான்.
நண்பகல் இருட்டின் முன்னால்
அந்தக் கருப்பைத் தூக்கிப் பிடித்து
இது எதற்கு, யாருக்கு என்று
வெகுநேரம் நின்றான்.

தேநீருக்குத் தண்ணீர் வைத்தான்.
ஆவி படிந்த கண்ணாடியில்
எழுந்து வந்தன வட்டங்கள்,
மேலே மூன்று, கீழே மூன்று, பக்கத்துக்கு ஒன்று.
மேல் வலதில் மட்டும்
ஒன்றன்மேல் ஒன்றாக
எண்ண முடியாதபடி.

கிண்ணங்களைக் கழற்றி
மறுபக்கம் மாட்டினான்.
வெள்ளி அறையைப் பார்க்கும்படி ஒட்டினான்.
மேசை விளக்கு இரண்டானது.
சுவர்கள் கொஞ்சம் விலகி நின்றன.
குவளையோடு உட்காரப் போனான்.

டப்.

எழுந்து போய் நக்கினான்.